குழாய் முனகாத காலை

என் பிள்ளைகளே, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பச்சைத் தகர டப்பாவைக் காணோம் என்று நேற்று நீங்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுச் சண்டை பிடித்தீர்கள். உங்களில் யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அதைத் தொடக்கூடாது என்று சொல்லியே உங்களை வளர்த்தேன். அதனால் உள்ளே விஷமோ மருந்தோ இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே இருந்தது கிரீஸ். எந்திரங்களுக்குப் பூசுகிற வெறும் கிரீஸ். நீங்கள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது, இத்தனை வருஷமும் மூடி திறக்கப்படாமலே இருந்தது.

தீபாவளிக்கு நம் சின்னவள் இன்னொரு கேள்வி கேட்டாள். முறுக்குத் தூக்கோடு ரயிலேறி வருகிற கிள்ளான் அத்தையை அத்தை என்று கூப்பிடுகிறோமே, அப்படியானால் மாமா எங்கே என்றாள். உங்கள் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "மாமா வேலைக்குப் போயிருக்காரு கண்ணு" என்றாள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். வாயால் சொல்லப் போனால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். ஆற்றங்கரையில், படகுகள் வந்து கொப்பரைத் தேங்காயை இறக்குகிற துறைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில் இருந்தது. உங்கள் மாமா, அதாவது உங்கள் அம்மாவின் அண்ணன், அங்கே குழாய் வேலை பார்க்கிற பிட்டர். நான் பாய்லருக்கு நெருப்புப் போட்டு நீராவியைத் திறந்துவிடுகிறவன். கல்யாண உறவு வருவதற்கு முன்பே எங்களுக்குள் சிநேகம் உண்டு. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். ஆள் ஒல்லி, காது மட்டும் பெரியது. ஸ்பானரால் குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஏதாவது பழுது இருந்தால் அந்த ஓசையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பாசாரில் தேங்காய் வாங்கப் போனாலும் அதே மாதிரிதான். தட்டுவார், தலையைச் சாய்ப்பார், கடைக்காரன் பொறுமை இழந்து ஏசுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நிற்பார்.

பாய்லர் கொட்டகை ஒரு பக்கம். எண்ணெய் காய்ச்சுகிற அண்டாக்கள் இருந்த கொட்டகை மறுபக்கம். நடுவில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். லயத்தின் பின்சுவரை ஒட்டி, கெட்டி மரத் தூண்களின் மேல் நீராவிக் குழாய் போகும். இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இரும்பு சூடானால் நீளும். நம் வீட்டுக்கு எதிரே தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவில் சந்து விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அது அதற்காகத்தான். வெயிலுக்கே தண்டவாளம் நீளுகிறது என்றால் நீராவி ஓடுகிற குழாய் எவ்வளவு நீளும்? எங்கள் குழாய் காலையில் இரண்டு அங்குலம் போல வளரும், சாயங்காலம் சுருங்கும். இரண்டு முனைகளும் சுவர்களில் அசையாமல் பூட்டப்பட்டிருந்தன. வளர்ந்தது எங்கே போகும்? பழைய குழாய் நேராக இருந்ததால் போக இடமில்லாமல் முட்டி முட்டி மூட்டுகள் எல்லாம் ஒழுகின. ஆகவே என்ஜினியர் தொரை புதுக் குழாய்க்குப் படம் போட்டார். நடுவில் குதிரை லாடம் போலப் பக்கவாட்டில் வளைந்து போய்த் திரும்பி வருகிற ஒரு வளைவு. இரண்டு பக்கமிருந்தும் குழாய் நீண்டு வந்து தள்ளும்போது அந்த லாடத்தின் கைகள் நெருங்கி இடம் கொடுக்கும். கைகள் நீளமாக இருந்தால் லேசாக வளையும். குட்டையாக இருந்தால் முரண்டு பிடித்துச் சுவரையே பெயர்க்கும். எத்தனை நீளம் என்று கணக்குப் போடுவது தொரையின் வேலை. அப்படியே வளைத்துப் பூட்டுவது மாமாவின் வேலை.

குழாய் நகர வேண்டும் என்பதால் அதைத் தூண்களில் கட்டவில்லை. ஒவ்வொரு தூணின் தலையிலும் ஓர் இரும்புத் தகடு, குழாயின் அடியில் செருப்பு மாதிரி ஓர் இரும்புத் துண்டு. அந்தச் செருப்பு தகட்டின் மேல் வழுக்கிப் போய்ப் போய் வரும். தகட்டில் கிரீஸ் பூச வேண்டும் என்று தொரை படத்திலேயே குறித்திருந்தார்.

கடைசித் துண்டைப் பூட்டுகிற அன்று பார்த்தால், இரண்டு குழாய் முனைகளுக்கு நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து. வேலைக்காரர்களை மேய்க்கிற கங்காணி தொந்தியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பிட்டரே, அளவு எடுக்கிறப்ப கண்ணு எங்க இருந்துச்சு? கொப்பரைக் கொட்டாய் பக்கமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா போல்ட்டுகளை மாட்டி முறுக்கி, அந்தச் சந்தை இழுத்து மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "வேணும்னு விட்ட சந்துதான். சூடு ஏறாம பச்சையா இருக்கிறப்ப இழுத்துப் பூட்டுனாத்தான் சூட்டுல நிம்மதியா நிக்கும் கங்காணி. நீங்க பசியாறுறதுக்கு முன்ன இடுப்பு வார ஒரு ஓட்டையில மாட்டுறீங்க, அப்புறம் இன்னொரு ஓட்டையில மாட்டலையா? அப்படித்தான்." கங்காணியே வயிறு குலுங்கச் சிரித்தார்.

கங்காணி குறி வைத்துத்தான் பேசினார். கொப்பரைக் கொட்டகையில் தேங்காய்ப் பருப்பு நோண்டுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன்தான் எனக்கு முன்னால் பாய்லர் பார்த்தவர். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். நல்ல மனுஷர், முதுகு வலிக்காரர். விடிகிற நேரத்தில் பாயிலிருந்து எழும்போது "ம்ம்ம்ம்" என்று நீளமாக இழுத்து "ஹா" என்று முடிப்பார். லயமே அந்த முனகலைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். அவர் போன பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் வேலைக்குப் பிந்தினோம்.

புதுக் குழாயில் முதல் முதலாக நான் நீராவியைத் திறந்துவிட்ட காலையை மறக்க மாட்டேன். குழாய் மெல்லச் சூடேறியது. செருப்பு தகட்டின் மேல் நகர்ந்தது. தகடு இன்னும் காய்ந்த இரும்பாகவே இருந்ததால் இழுபட்டு, இழுபட்டு, லாட வளைவுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்ம்ம்ம்" என்று நீளமாக ஒரு முனகல். கடைசியில் "ஹா" என்று ஒரு துள்ளல். லயத்தில் யாரோ பானையைப் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது. அக்கா மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

அதற்கடுத்த நாள் விடியற்காலையில், குழாய் சில்லென்று இருக்கும்போதே, மாமா ஸ்டோரிலிருந்து பச்சை டப்பாவை வாங்கிக்கொண்டு வளைவுப் பக்கம் போனார். போன கையோடு டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தார். அக்கா அங்கே தூணில் கை வைத்துக்கொண்டு நின்றாளாம். "எந்திரிங்க, நேரமாச்சு. எனக்கும் வேலைக்குப் போவணும்ல" என்று குழாயோடு பேசிக்கொண்டிருந்தாளாம். இவரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிட்டரே, இது இரும்பு கத்துற சத்தம்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரியும். கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போவட்டும், விடுங்க" என்றாளாம்.

"கிரீஸ் பூசணும்னு தொரை எழுதியிருக்காரே மச்சான்" என்றேன்.

"இல்லாட்டியும் நகரும் மாப்ளே. கொஞ்சம் முக்கிக்கிட்டு நகரும். அவ்வளவுதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. தினமும் அது முக்கிக்கொண்டு நகர்ந்தது. தினமும் அக்கா தூணருகே நின்று அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள். தினமும் உங்கள் மாமா லயத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் தேத்தண்ணிக் கிளாசோடு உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பெரியவனுக்காவது புரியும். மழை மாறி வெயில் வந்தபோது உங்கள் அம்மாவைத் தூது அனுப்பினார். தாலியறுத்தவளைக் கட்டுவதா என்று உங்கள் அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல் போனாள். அக்கா கொடுத்த பதிலை உங்கள் அம்மா வார்த்தை தவறாமல் வந்து சொன்னாள்.

"போனவரு அவரா அடங்கட்டும். பிட்டரு அடக்கக் கூடாது. அந்தச் சத்தம் தானா நிக்கிற அன்னைக்கு நானே எழுந்து பிட்டருகிட்ட வரேன்."

மாமா என் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு வெகு நேரம் சிரித்தார். "பாத்தியா மாப்ளே, எவனெவனுக்கோ எதிராளி மனுஷனா இருக்கான். எனக்கு இரும்பா வந்து வாய்ச்சிருக்கு." பிறகு, தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் தகடு வழவழப்பாகிவிடும், அன்றைக்குத் தானாக நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பச்சை டப்பா அவர் பெட்டி மேல்தான் இருந்தது. ஒரு விரல் கிரீஸ் போதும். செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் செய்யவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் அவர் மேல் மரியாதையும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன.

ஆனால் லயத்தில் மற்றவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. கடைசி அறையில் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தது. குழாய் முனகும்போதுதான் வருகிறது என்று அதன் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். செத்தவர் இடத்தை விட்டுப் போகவில்லை, கட்டிப் போட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. மாமாவிடம் சொன்னால் கேலி செய்வார் என்று அவரிடம் மறைத்தார்கள். பேயைக் கட்டுவதற்கு நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரும்பு வேண்டும், எலுமிச்சம்பழம் வேண்டும், பூசாரி வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருந்தது. நாம் இப்போது இருக்கிற பிரிக்பீல்ட்ஸில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் உங்கள் அம்மாவும் மாமாவும் ரயிலில் கிளம்பினோம். அக்காவையும் உங்கள் அம்மா கைப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்தாள். அக்கா எங்களோடு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ரயிலில் மாமா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தண்டவாளச் சந்துகளில் சக்கரம் "டக்கு டக்கு" என்று தட்டுவதைக் காட்டி, "இது என்ன சத்தம் தெரியுமா? இரும்புக்கு இரும்பு இடம் விடுற சத்தம்" என்றார். "அதுக்குக் கூட நல்ல மனசு இருக்கு" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். உங்கள் மாமா ஆள் வளர்ந்துவிட்டதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாங்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளானில் கங்காணி ஒரு பூசாரியைக் கூட்டி வந்திருக்கிறார். சத்தம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கேதான் கட்ட வேண்டும் என்றிருக்கிறார் பூசாரி. லாட வளைவுக்கு இரண்டு பக்கத்திலும் குழாயின் செருப்பைத் தூணோடு சேர்த்துப் படகுச் சங்கிலியால் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். ஆட்டம் கொடுக்காமல் இருக்கச் சந்துகளில் மர ஆப்பு அடித்திருக்கிறார்கள். அதன் மேல் மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம். எல்லாம் தூணின் அந்தப் பக்கம், சாக்கடை ஓரமாக; விடியற்கால மங்கலில் இந்தப் பக்கம் நிற்பவர் கண்ணில் படாது. நாங்கள் வந்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியும் வேளையில் வழக்கம்போல நான் குழாயில் தங்கிய தண்ணீரை வடியவிட்டு, நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். முனகல் வருகிற நேரம் வந்தது. வரவில்லை. நான் கொட்டகை வாசலுக்கு வந்து பார்த்தேன். லயத்துப் பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடங்கிடுச்சு லா!" என்று கங்காணி கையைத் தட்டினார். வலிப்புக் குழந்தையின் தாய் கும்பிட்டாள். அக்கா தூணருகே தன் இடத்தில் நின்றிருந்தாள். அவள் குழாயைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்வாசலைத் தாண்டி, ஒட்டுக்கடையில் இருந்த உங்கள் மாமாவைப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். பிள்ளைகளே, அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மனிதன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த அமைதி நல்ல சேதி. அவருக்கோ எல்லோரையும் விட நல்ல சேதி. அவர் காத்திருந்ததே அதற்காகத்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவர் அந்தச் சந்தோஷத்தில் இருந்தார். பிறகு அவர் தலை மெல்லச் சாய்ந்தது. தேங்காயைத் தட்டிவிட்டுக் கேட்பாரே, அந்த மாதிரி. தேய்ந்து போய் நிற்கிற சத்தம் நாளுக்கு நாள் குறைந்துதான் நிற்கும். நேற்று வரை முழுதாக முனகிய குழாய் இன்று ஒரேயடியாக நின்றால், அது நகரவில்லை என்று அர்த்தம். கிளாஸ் கீழே விழுந்தது.

"மாப்ளே, மூடு! ஸ்டீம மூடு!"

நான் உள்ளே ஓடினேன். அந்தச் சக்கரத்தை முழுதாக மூடப் பல சுற்று சுற்ற வேண்டும். அவர் என்னிடம் வரவில்லை, அவளிடம் ஓடினார். பிறகு ஆட்கள் சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். வளரப் போன குழாய்க்கு வளைவுக்குப் போக வழியில்லை. சுவருக்கும் சங்கிலிக்கும் நடுவில் அது வில்லைப் போல லயத்துப் பக்கம் வளைந்து நின்றிருந்தது. அவர் அக்காவின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். தள்ளியவர் நிமிர்வதற்குள், அன்று சந்தை இழுத்துப் பூட்டினாரே, அதே மூட்டு பிளந்து நீராவி அவர் மேல் பாய்ந்தது. நான் உள்ளே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டேயிருந்தேன். இப்போதும் தூக்கத்தில் என் கைகள் எதையோ சுற்றுவதாக உங்கள் அம்மா சொல்கிறாள்.

சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் நினைவோடு இருந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். உதடு வீங்கிப் பேச்சுக் குழறியது.

"சத்தம் நின்னுச்சில்ல மாப்ளே?"

"நின்னுச்சு மச்சான்."

"தானா நிக்கல. அவகிட்ட சொல்லிடு. ஏமாத்துன மாதிரி ஆயிடக் கூடாது."

சொல்வதற்கு அவசியம் இருக்கவில்லை. அக்கா வாசல் கதவருகே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "நின்னாச்சு, நானும் வந்தாச்சு. பேசாம படுங்க" என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் எங்கள் வீட்டுப் பெண்களோடு ஒருத்தியாக உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. நம் பெரியவன் பிறந்தபோது உங்கள் அம்மாதான் அவனை அவள் மடியில் போட்டு, "அத்தையப் பாரு" என்று சொன்னாள்.

தொரை வந்து பார்த்தார். சங்கிலியையும் எலுமிச்சம்பழத்தையும் பார்த்துவிட்டுக் காய்ந்த தகட்டை விரலால் தடவினார். கங்காணி தரையில் உட்கார்ந்து தேம்பினார். அவர்கள் மேல் நீங்கள் கோபப்படக் கூடாது. பயந்தார்கள், பயந்ததைக் கட்டினார்கள். வலிப்புக் குழந்தையின் தாய், நாங்கள் அங்கிருந்து கிளம்பும் வரை, எங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனாள். குழாயைச் சரிசெய்து, ஸ்டோரிலிருந்து வேறு கிரீஸ் கொண்டு வந்து எல்லாத் தூண்களிலும் பூசினார்கள். அதன் பிறகு அது ஒரு நாளும் முனகவில்லை. முதல் நாள் நான் நீராவியைத் திறந்தபோது அக்கா தன் இடத்தில் வந்து நின்றாள். குழாய் சத்தமில்லாமல் நீண்டது. "இனிமே யாரும் எந்திரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கொப்பரைக் கொட்டகைக்கு நடந்து போனாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அந்த மில்லில் எனக்கு நெருப்புப் போட மனம் வரவில்லை. ரயில்வேயில் வேலை தேடி உங்கள் அம்மாவோடு இந்த பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டேன். மாமாவின் பெட்டி மேலிருந்த பச்சை டப்பாவும் என்னோடு வந்தது.

இப்போது வியாபாரம் படுத்துப்போய் அந்த மில்லை மூடிவிட்டார்கள். போன வாரம் சரக்கு ரயிலோடு கிள்ளானுக்குப் போகிற முறை எனக்கு வந்தது. டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் எஞ்சின் தண்ணீர் பிடித்து ஓய்ந்திருக்கும்போது ஆற்றங்கரைக்கு நடந்தேன். பாய்லரையும் குழாய்களையும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தின் கூரை இல்லை. பின்சுவர் இருந்த இடத்தில் லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதற்குள் ஒரே ஒரு தூண் மட்டும், தலையில் தகட்டோடு நின்றுகொண்டிருந்தது. எந்தத் தூண் என்று எனக்குத் தெரியும். சங்கிலி இறுக்கிய தழும்பு மரத்தில் அப்படியே இருந்தது.

தகட்டில் துருவைக் கல்லால் சுரண்டினேன். கத்தி முனையால் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன். மேலே ஏடு படிந்து காய்ந்திருந்தது. அதை விலக்கினால் உள்ளே அன்று வாங்கியது போலவே மெத்தென்று இருந்தது. ஒரு விரலால் எடுத்து, ஓரம் விடாமல், படத்தில் குறித்திருந்தபடி தகடு முழுதும் பூசினேன். அதன் மேல் போக வர அங்கே குழாய் இல்லை. டப்பாவை மூடி, தகட்டின் ஒரு முனையில் வைத்து, விரலால் லேசாகத் தள்ளினேன். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு அந்த முனைக்குப் போய் நின்றது.